உலக யுத்தத்தில் படைக்குப் போன உறவினரின் சேவைப் பதிவைத் தேடி எடுப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

யுத்தம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஒன்றுதான். நான் இங்கே எழுதுவது அதற்கு முந்தியதைப் பற்றி: 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலக யுத்தம். அதில் பிரித்தானியப் படைகளோடு கப்பலேறிப் போன அப்பப்பா, அம்மப்பா, மூத்தப்பா உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். அவர் எந்தப் படையில் இருந்தார், எந்த நாட்டுக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பதற்குக் கடதாசி இருக்கிறது. எடுக்கலாம். எனக்கு இரண்டு வருடமும் தேவையில்லாத ஒரு தண்டச் செலவும் பிடித்தது. ஒழுங்கு தெரிந்திருந்தால் பாதிக் காலத்தில் முடித்திருப்பேன்.

என் அம்மப்பா காரைதீவில் பிறந்து கல்லாற்றில் கலியாணம் முடித்தவர். 1986இல் காலமானார். "கப்பல்ல போனவர்" என்பதற்கு மேல் எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கப்பல் என்றால் கடற்படைதான் என்று நினைத்து, நான் முதல் வேலையாக லண்டனுக்குப் பணத்தைக் கட்டி கடற்படைப் பதிவைக் கேட்டேன். ஏழு மாதத்துக்குப் பிறகு, அந்தப் பெயரில் எவரும் இல்லை என்று பதில் வந்தது. 30 பவுண் போனது போனதுதான், திருப்பித் தரமாட்டார்கள். அவர் கடற்படையிலேயே இருக்கவில்லை. அன்று இந்தியப் பெருங்கடலைத் தாண்டிய தரைப்படைச் சிப்பாய்களும் கப்பலில்தான் போனார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆகவே பணம் கட்டுவது ஆறாவது படி. அதற்கு முன் ஐந்து படி இருக்கிறது.

1. முதலில் வீட்டைக் கிளறுங்கள்

நீங்கள் தேடும் முதல் பொருள் சேவை இலக்கம். படையில் சேர்ந்த அன்றே ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் கொடுத்தார்கள். பெயரை ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள், இலக்கம் மாறுவது அபூர்வம். இலக்கம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அது எங்கே இருக்கும்? பிரித்தானியத் தரைப்படையில் இருந்தவர் என்றால் அவருக்கு ஒரு சம்பளப் புத்தகம் இருந்திருக்கும். உள்ளங்கை அளவு, மண்ணிற அட்டை. அட்டையில் 'ஆர்மி புக் 64' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சேவை இலக்கம், பெயர், பிறந்த திகதி, சமயம், நெருங்கிய உறவினர், போட்ட தடுப்பூசிகள், மரணசாசனம் எழுதுவதற்கு ஒரு பக்கம் என்று எல்லாம் இருக்கும். யுத்தம் முடிந்து விடுவிக்கப்பட்டபோது கொடுத்த விடுவிப்புப் புத்தகம் இன்னொன்று. பதக்கம் வந்த சிறிய அட்டைப்பெட்டி, அதற்குள் மடித்து வைத்த துண்டுக் கடதாசி, கப்பலில் இருந்து அனுப்பிய தபாலட்டை எதையும் எறிந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். புயலுக்குப் போனது, இடம்பெயர்ந்தபோது போனது, சுனாமிக்குப் போனது என்று 1978, 1990, 2004 மூன்று வருடங்களையும் அம்மா வரிசையாகச் சொன்னார். ஆனால் ஆட்கள் இடம்பெயர்ந்தால் பொருட்களும் இடம்பெயரும். அம்மப்பாவின் தங்கை வீட்டில், காரைதீவில், ஒரு றங்குப் பெட்டி இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் தைத்திருந்த துணிப் பைக்குள் சம்பளப் புத்தகம் கிடந்தது. கரையான் அரித்தது போக முதல் நாலு பக்கம் மிச்சம். இலக்கம் ஊதா நிறப் பென்சிலில், ஈரம் பட்டுப் படர்ந்து, ஆனாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. ஒரு இலக்கம் ஏழா ஒன்றா என்று தெரியவில்லை. வெயிலில் சரித்துப் பிடித்து ஃபோனில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்த்ததில் ஏழு என்று உறுதியானது. இப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கும் வந்தால் இரண்டு வாசிப்பையும் குறித்து வையுங்கள்.

பிறந்த வீடு, புகுந்த வீடு, சகோதரர்களின் பிள்ளைகள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரிடமும் கேளுங்கள். கனடாவில் இருக்கும் மாமாவின் ஆல்பத்தில் ஒரு போட்டோ இருந்தது. அம்மப்பாவின் முகம் மட்டும், கழுத்துக்குக் கீழே கத்தரிக்கோலால் நேராக வெட்டியபடி. சீருடை போட்ட ஆளின் படம் வீட்டில் இருப்பது ஆபத்து என்று பயந்த ஒரு காலத்தில் அம்மம்மாதான் வெட்டினாராம். இப்படி வெட்டிய, எரித்த, புதைத்த கதை எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் நடந்ததில்லை. கையில் படம் கிடைத்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். அந்தப் படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையின் மேல்பாதி மிச்சமிருந்தது. கெய்ரோ.

வயதானவர்களிடம் கேட்கும்போது "எந்தப் படை?" என்று கேட்டால் பதில் வராது. எனக்கும் வரவில்லை. "ஆருக்குத் தெரியும் புள்ள, கப்பல்ல போனவர், வரக்குள்ள ஒரு கம்பளி கொண்டந்தவர்" என்றுதான் அம்மம்மாவின் தங்கை தொடங்கினார். கம்பளி எங்கே வாங்கினது, என்ன சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார், யாரோடு சேர்ந்து போனார், திரும்பி வந்தபோது எந்தப் பிள்ளை பிறந்திருந்தது என்று கேளுங்கள். ஊரில் கூடப் போனவர் ஒருவரின் பெயர் கிடைத்தால் அந்த வீட்டுக்கும் போங்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த இலக்கம்தான்.

2. எந்தப் படை என்று தீர்மானியுங்கள்

அவசரப்படக்கூடாத இடம் இது. படை மாறினால் பதிவு இருக்கும் நாடே மாறும்.

பிரித்தானியத் தரைப்படை: பயனியர் கோர் (உடலுழைப்பு வேலைப் பிரிவு), ஆர்மி சேர்விஸ் கோர் (போக்குவரத்து, வழங்கல் பிரிவு) போன்றவற்றில் இலங்கையர்கள் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனார்கள். இவர்களின் கோவைகள் பிரித்தானியாவில். பயனியர் கோருக்கு 'ரோயல்' பட்டம் 1946இல்தான் கிடைத்தது. ஆகவே யுத்தகாலக் கடதாசியில் வெறும் 'பயனியர் கோர்' என்றிருந்தால் அது வேறொரு படை என்று குழம்ப வேண்டாம்.

இலங்கைப் பாதுகாப்புப் படை: இலங்கை இலகு காலாட்படை, இலங்கைக் காவல் பீரங்கிப்படை போன்றவை. இவை அன்றைய இலங்கை அரசின் படைகள். இந்தப் பதிவுகளை லண்டனில் தேடிப் பணத்தை வீணாக்க வேண்டாம், ஏழாம் படிக்குப் போங்கள்.

கடற்படை: இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை யுத்த காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் கீழ் இயங்கியது. சுதந்திர இலங்கையின் கடற்படை அதிலிருந்துதான் 1950இல் உருவானது. ஆகவே இரண்டு பக்கமும் கேட்க வேண்டிவரும்.

பொதுமக்கள் வேலை: நிறையப் பேர் சறுக்கும் இடம். திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் வேலை செய்தவர்களைப் பிற்காலத்தில் "நேவியில இருந்தவர்", "ஏயார்ஃபோர்சில இருந்தவர்" என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள். தச்சராக, கிளார்க்காக, சுமை தூக்குபவராக இருந்தவருக்குப் படைச் சேவைக் கோவை இராது. சேவை இலக்கமோ பதக்கமோ சீருடைப் படமோ எதுவுமே இல்லை என்றால் இந்தச் சாத்தியத்தை முதலில் யோசியுங்கள்.

இன்னொரு சறுக்கல் ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட அந்த விமானந்தாங்கிக் கப்பலின் கதை எங்கள் ஊரில் எல்லாக் கதையோடும் வந்து ஒட்டிக்கொள்ளும். அம்மப்பா அதில் இருந்து நீந்தி வந்தவர் என்று என் மாமா ஒருவர் சத்தியம் பண்ணினார். பதிவு வந்தபோது அந்தத் திகதியில் அவர் படையிலேயே சேர்ந்திருக்கவில்லை. குடும்பக் கதையை எழுதி வையுங்கள், ஆனால் விண்ணப்பப் படிவத்தில் எழுதாதீர்கள்.

பதக்கம் இருந்தால் ரிப்பன் நிறத்தைப் பாருங்கள். ஆறு முனை நட்சத்திரங்களின் ரிப்பன்கள் அவர் போன இடத்தைக் காட்டும்:

ஆபிரிக்க நட்சத்திரம்: மணல் நிறம், நடுவில் அகலமான சிவப்பு, அதற்கு ஒரு பக்கம் ஒரு கருநீலக் கோடு, மறுபக்கம் ஒரு இளநீலக் கோடு.
இத்தாலி நட்சத்திரம்: சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு.
பர்மா நட்சத்திரம்: கருநீலம், நடுவில் சிவப்பு, நீலத்தின் நடுவே செம்மஞ்சள் கோடு.
1939–45 நட்சத்திரம்: கருநீலம், சிவப்பு, இளநீலம் சம அளவில்.

நட்சத்திரம் இல்லாமல் வட்டப் பதக்கம் மட்டும் இருந்தால் அவர் இலங்கையை விட்டுப் போகாமலும் இருந்திருக்கலாம். செம்மஞ்சளும் பச்சையுமான ரிப்பனில் வருவது பாதுகாப்புப் பதக்கம். விளிம்பில் பெயரைத் தேடி மினுக்காதீர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிரித்தானியா கொடுத்த இந்தப் பதக்கங்களில் பொதுவாகப் பெயர் பொறிக்கவில்லை. மினுக்கினால் பழைய நிறம்தான் போகும்.

தொப்பிச் சின்னம் கிடைத்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. துப்பாக்கி, மண்வெட்டி, பிக்காசு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே கிரீடம் இருந்தால் அது பயனியர் கோர்.

3. பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று பட்டியல் போடுங்கள்

ஒரு கொப்பியின் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். படையில் பெயரை எழுதியவர் ஒரு ஆங்கிலேயக் கிளார்க். காதில் விழுந்ததை எழுதியிருப்பார்.

தம்பிப்பிள்ளை என்ற பெயரை எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் 'டி' மட்டுமா, 'டிஎச்' ஆ? நடுவில் 'பி' ஒன்றா, இரண்டா? 'பி'க்குப் பிறகு 'ஐ' ஆ, 'வை' ஆ? கடைசியில் 'ஏஐ' ஆ, 'ஏவை' ஆ? இந்த ஒரு பெயருக்கே பதினாறு எழுத்து வடிவம் வரும். முஸ்லிம் குடும்பங்களில் லெவ்வை, லெப்பை, மரைக்கார், முகம்மது ஒவ்வொன்றும் இப்படித்தான். மட்டக்களப்புப் பறங்கியருக்கு மட்டும் இந்தத் தலையிடி குறைவு, குடும்பப் பெயர் ஒரே எழுத்தில் நிற்கும்.

அடுத்தது இதைவிடச் சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். படைக் கிளார்க் எதைக் குடும்பப் பெயராக எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. என் அம்மப்பாவின் விஷயத்தில் தகப்பன் பெயரை எடுத்திருந்தார்கள். நான் மாதக்கணக்காகச் சொந்தப் பெயரில் தேடிக்கொண்டிருந்தேன். ஆகவே எந்த இடத்தில் தேடினாலும் இரண்டு முறை தேடுங்கள், ஒரு முறை மாற்றிப் போட்டு. இணையத் தேடல் பெட்டிகளில் சந்தேகமான எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடலாம்.

வயதும் அப்படித்தான். சேர்வதற்காக ஒன்றிரண்டு வயது கூட்டிச் சொன்னவர்கள் இருந்தார்கள். பிறப்பு அத்தாட்சியில் உள்ள திகதியையும் படையில் கொடுத்த திகதியையும் தெரிந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

4. இங்கே எடுக்க வேண்டிய பத்திரங்கள்

மூன்று தேவை.

அவரது மரண அத்தாட்சிப் பத்திரம். பிரித்தானியாவில் கட்டாயம் கேட்பார்கள். படையில் இருக்கும்போதே இறந்தவருக்கு மட்டும் வேண்டியதில்லை.

உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவினரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். மனைவி இல்லை என்றால் பிள்ளை. பேரப்பிள்ளை நான் நேரடியாக விண்ணப்பித்தால் கிடைப்பது குறைவு. அம்மா மகளாகக் கையொப்பமிட்டுச் சம்மதம் தந்தால் முழுக் கோவையும் கிடைக்கும். இறந்து 25 வருடம் கடந்தவரென்றால் பெயர், இலக்கம், பிரிவு, சேர்ந்த திகதி, விலகிய திகதி போன்ற அடிப்படை விபரங்களை யாருக்கும் தருவார்கள். 25 வருடம் ஆகாவிட்டால் நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் முக்கியமான எதுவும் நகராது. அம்மா, மாமாமார் உயிரோடிருக்கும் காலத்திலேயே இந்தக் கையொப்பத்தை வாங்கிவிடுங்கள். கிராம சேவகரின் உறவுறுதிக் கடிதம் எங்கள் அலுவலகங்களுக்குப் போதும். லண்டனில் தகப்பன் பெயர் உள்ள பிறப்பு அத்தாட்சிதான் எடுபடும்.

அவரது பிறப்பு அத்தாட்சி அல்லது பிறந்த திகதிக்கு வேறொரு சான்று. கட்டாயமில்லை, இருந்தால் பலம். பிறப்பே பதியப்படாமல் உத்தேச வயதுப் பத்திரம் எடுத்தவர்கள் நிறைய. அப்படியானால் பாடசாலைச் சேர்வுப் பதிவேடு, கோயிற் பற்றின் ஞானஸ்நானப் பதிவேடு இரண்டையும் முயலுங்கள். அவற்றில் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலும் இருக்கக்கூடும், அது மூன்றாம் படிக்கு உதவும்.

இனி அம்பாறைக்காரர் கவனிக்க வேண்டியது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முன் கல்முனை, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம். ஆகவே படைக் கடதாசியில் 'காரைதீவு, மட்டக்களப்பு' என்று இருந்தால் பிழையில்லை. நீங்கள் படிவம் நிரப்பும்போதும் பிறந்த இடத்துக்கு மட்டக்களப்பு என்றே எழுதுங்கள், அம்பாறை என்று எழுதினால் கோவையோடு பொருந்தாது. பழைய பதிவுகளில் கரைவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, பாணமைப் பற்று என்று பற்றுப் பெயர்தான் இருக்கும். போவதற்கு முன் உங்கள் ஊர் எந்தப் பற்று என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு அலுவலகத்தில் என்னை அடுத்த மாவட்டத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே போனால் திரும்ப இங்கே அனுப்பினார்கள். நாலு நாள் லீவு அப்படியே போனது. கடைசியில் பற்றுப் பெயரைச் சொல்லிக் கேட்டதும் அரை மணித்தியாலத்தில் புத்தகத்தை எடுத்துத் தந்தார்கள்.

எங்கே கேட்பது? பதிவு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம். திகதியும் பதிவு இலக்கமும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாமல் தேடச் சொன்னால் தேடும் வருடங்களுக்கு ஏற்பக் கூடும். அங்கே புத்தகம் அழிந்துவிட்டது என்று சொன்னால் கதை முடிந்ததென்று நினைக்காதீர்கள். பதிவுகள் இரண்டு பிரதியாக எழுதப்பட்டவை. பத்தரமுல்லையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து மற்றப் பிரதியைத் தேடச் சொல்லலாம்.

பத்திரம் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். நான் பக்கத்துக்கு 1500 ரூபா கொடுத்தேன். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தனக்குச் சரியென்று பட்ட எழுத்தில் பெயரை எழுதுவார். சம்பளப் புத்தகத்தில் இருப்பது வேறாக இருக்கும். லண்டனில் இரண்டும் இரண்டு ஆளாகத் தெரியும். ஆகவே சம்பளப் புத்தகத்தின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி அதே எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பத்திரங்களுக்குள்ளேயே பெயர் வேறுபட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து அதையும் இணையுங்கள்.

5. காசு கட்டாமல் பார்க்கக்கூடியவை

அவர் திரும்பி வரவே இல்லை என்றால், வேறெதற்கும் முன் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடுங்கள். 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைச் சேவையில் இறந்தவர்கள் அதில் உண்டு. கல்லறை இருந்தால் எந்த நாட்டில், எத்தனையாம் வரிசை என்பது வரை காட்டும். திருகோணமலை, கண்டி யுத்த மயானங்களும் கொழும்பு லிவெரமெந்து மயானமும் அதில் அடக்கம். 1947 வரை என்பதைக் கவனியுங்கள், யுத்தம் முடிந்தபின் நோயில் இறந்தவரும் அதற்குள் வருவார்.

அதிகாரி தரத்தில் இருந்தவர், வீரப் பதக்கம் பெற்றவர் என்றால் பிரித்தானிய அரசின் வர்த்தமானியான லண்டன் கசெற்றில் தேடலாம், இணையத்தில் இலவசம். சாதாரண சிப்பாயை அதில் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியலில் பெயரையும் பிறந்த வருடத்தையும் போட்டுப் பாருங்கள். பிறந்து 115 வருடம் கடந்தவர்களின் கோவைகள் திறந்தவை, பெயர் வெளியே தெரியும். அதற்குள் பிறந்தவர்களின் கோவைகள் மூடப்பட்டவை. 1919இல் பிறந்த என் அம்மப்பா போன்றவர்கள் பட்டியலில் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். தெரியவில்லை என்றால் கோவை இல்லை என்று அர்த்தமில்லை.

6. லண்டனுக்கு விண்ணப்பம்

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த பழைய சேவைக் கோவைகளை, 1963 முடிவுக்குள் படையை விட்டவர்களுடையவற்றை, 2022 முதல் கட்டம் கட்டமாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள். கிட்டத்தட்ட 97 இலட்சம் கோவைகள். ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் ஆளின் படைப்பிரிவுக் கோவை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள். பிழையான பக்கம் கட்டினால் மாதங்கள் போகும்.

பாதுகாப்பு அமைச்சுக்கு நான் கட்டியது ஒரு விண்ணப்பத்துக்கு 30 பவுண், அன்றைய மதிப்பில் பன்னிரண்டாயிரம் ரூபாவுக்கு மேல். இது தேடுவதற்கான கட்டணம். கிடைக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆவணக் காப்பகத்தின் கட்டணம் வேறு, அன்றைய தொகையை அவர்களின் பக்கத்தில் பாருங்கள்.

இங்கிருந்து கட்ட வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்த வங்கி அட்டை வேண்டும். முதல் நாளே வங்கிக்கு ஃபோன் பண்ணித் திறந்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படிவம் முழுவதும் நிரப்பி முடித்த பிறகு கொடுப்பனவு மறுக்கப்பட்டு எல்லாம் அழிந்துபோகும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரரைக் கட்டச் சொல்லலாம். ஆனால் விண்ணப்பதாரர் பெயரில் அவர் தன் பெயரைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்மதக் கையொப்பம் அம்மாவினது, விண்ணப்பதாரர் வேறு யாரோ என்றால் விளக்கம் கேட்டு எழுதுவார்கள், அதில் இன்னும் இரண்டு மாதம்.

படிவத்தில் 'வேறு விபரம்' என்ற இடத்தை வெறுமையாக விடாதீர்கள். பெயரின் மற்ற வடிவங்கள், தகப்பன் பெயர் குடும்பப் பெயராக எடுக்கப்பட்டிருக்கலாம் என்ற குறிப்பு, இலக்கத்தில் சந்தேகமான எண், சேர்ந்த இடம், மத்திய கிழக்கு என்ற துப்பு எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதுங்கள். இலக்கத்துக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் அவற்றையும் விடாதீர்கள்.

இரண்டாவது முறை, இலக்கத்தோடு, சரியான படைக்கு விண்ணப்பித்தபோது எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது. இடையில் மாதத்துக்கொரு ஈமெயில் போடுவதால் வேகம் கூடாது. ஒப்புகை இலக்கத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆறு மாதத்துக்குப் பிறகு அதைக் குறிப்பிட்டு ஒருமுறை கேளுங்கள்.

7. இலங்கைப் படைகளில் இருந்தவர் என்றால்

தேசிய சுவடிகள் கூடத் திணைக்களம் கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. இரவு ரயிலில் ஏறினால் விடியக் கோட்டையில் இறங்கி, அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். போயா தினமா என்று கலண்டரைப் பாருங்கள். அங்கே தனிச் சிப்பாயின் கோவையை எதிர்பார்த்துப் போகவேண்டாம். அதிகாரி நியமனங்கள் வந்த பழைய அரசாங்க வர்த்தமானிகள், அந்தக் காலப் பத்திரிகைகள், கச்சேரிக் கடிதங்கள் பார்க்கலாம். திகதி தெரியாமல் போனால் ஒரு நாள் முழுக்கப் பக்கம் புரட்டுவதுதான் நடக்கும்.

தனி ஆளின் பதிவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். இராணுவத்துக்கும் கடற்படைக்கும் தகவல் அலுவலர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வையுங்கள். "என் தாத்தாவைப் பற்றிய தகவல்" என்று பொதுவாகக் கேட்காமல், பெயர், இலக்கம், படைப்பிரிவு, சேர்ந்த வருடம் சொல்லி, பெயர்ப் பதிவேட்டில் அவரது பதிவின் பிரதி வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

8. கோவை வந்ததும்

எங்களுக்கு வந்தது பதினாலு பக்கம். முதற் பார்வைக்கு ஒன்றும் விளங்காது, முழுக்கச் சுருக்கெழுத்து. அடிக்கடி வருபவை இவை: 'டி.ஓ.எஸ்.' என்றால் ஒரு பிரிவின் ஆளணியில் சேர்க்கப்பட்டார், 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் அதிலிருந்து நீக்கப்பட்டார், அதாவது வேறு பிரிவுக்கு மாறினார். 'எம்.ஈ.எஃப்.' மத்திய கிழக்குப் படை. 'சி.எம்.எஃப்.' மத்திய மத்தியதரைப் படை, பெரும்பாலும் இத்தாலி. 'எம்ப்', 'டிஸ்எம்ப்' கப்பலேறியதும் இறங்கியதும். 'ஏ.டபிள்யூ.ஓ.எல்.' என்று இருந்தால் லீவு இல்லாமல் போய்விட்டார். இளம் வயதில் வீட்டை விட்டுத் தூரத்தில் இருந்தவர், அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம்.

'காஷுவல்ற்றி ஃபோம்' என்ற தலைப்புள்ள பி.103 படிவத்தைக் கண்டு அம்மா அழுதுவிட்டார், அப்பா காயப்பட்டு ஒளித்துவிட்டார் என்று. அந்தத் தலைப்புக்கு அப்படி அர்த்தமில்லை. இடமாற்றம், ஆஸ்பத்திரி, பதவி உயர்வு, லீவு என்று ஒவ்வொரு மாற்றமும் அந்தப் படிவத்தில்தான் எழுதப்படும். முழுக் கோவையிலும் மிகப் பெறுமதியான தாள் அதுதான். அதை வைத்து ஒரு வெள்ளைத் தாளில் திகதி, இடம், பிரிவு என்று மூன்று நிரலாக எழுதுங்கள். பிரிவின் இலக்கம் கிடைத்தால் அந்தப் பிரிவின் யுத்த நாட்குறிப்பை ஆவணக் காப்பகத்தில் தேடலாம். மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு 170, தென்கிழக்கு ஆசியாவுக்கு 172 என்ற வரிசைகள். அவரது பெயர் அதில் வராது. ஆனால் அந்தக் கிழமை அவரது கம்பனி எந்த ஊரில் என்ன செய்தது என்று தெரியும்.

வந்தது உங்கள் ஆளுடைய கோவைதானா என்று உறுதிப்படுத்துங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது எங்கள் ஊரில் சாதாரணம். சேரும் நாளில் எழுதிய தாளில் உயரம், மார்பளவு, உடல் அடையாளம் இருக்கும். எங்கள் தாளில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் தாயின் பெயர், முகவரி காரைதீவு, மட்டக்களப்பு. உடல் அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. நான் வாசித்துச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாட முழங்கால்ல அது இருந்தது" என்றார். "சின்னப் பிள்ளையில தடவிப் பார்த்திருக்கன்."

கிடைத்ததை ஸ்கான் பண்ணி, குறைந்தது மூன்று வீட்டுக்கு அனுப்புங்கள். ஒன்று வெளிநாட்டில் இருக்கட்டும்.

9. வாங்காமல் விட்ட பதக்கம்

பிரித்தானியப் படையில் இருந்த பலர் பதக்கத்துக்கு எழுதிக் கேட்கவே இல்லை. கோவையில் பதக்க உரித்துத் தெரிந்து, அவை வழங்கப்பட்டதாகக் குறிப்பு இல்லையென்றால், சட்டப்படியான நெருங்கிய உறவினர் இப்போதும் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. நாலாம் படியில் எடுத்த அதே பத்திரங்கள் போதும். ஒருமுறை வழங்கித் தொலைந்துபோனதற்கு இந்த வழி பொருந்தாது. பிள்ளைகள் பலர் இருந்தால் யார் பெயரில் கேட்பது என்று முதலில் வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஒரு தொகுதிதான் வரும். எங்கள் வீட்டில் மூத்தவர் என்ற முறையில் அம்மாவின் பெயரில் விண்ணப்பம் போட்டோம். மாமாமார் மூவரும் ஒரே தாளில் ஆட்சேபனை இல்லையென்று ஒப்பமிட்டுத் தந்தார்கள். அந்தத் தாளின் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அனுப்பினோம்.